கேரள பார்டர்ல இருக்குற குமுளி, தேக்கடி பக்கம் டூரிஸ்ட் லைன்ல வேலைக்கு வரணும்னு நினைக்கிறவங்களுக்கு

தேனி மாவட்டத்துல கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் படிச்சு முடிச்சிட்டு வீட்ல இருக்குற பசங்க பொண்ணுங்க நிறைய பேர் கேக்குறது இதுதான், அண்ணே குமுளில ஏதாச்சும் வேலை கிடைக்குமா, கைடு ஆகணும்னா யாரைப் பாக்கணும், மலையாளம் தெரியணுமான்னு. ஆளாளுக்கு தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதிடலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். நான் மசாலா தோட்டத்துல கைடா இருந்து இப்ப புதுசா வர்றவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்குற ஆளு, அதனால தோட்டத்தைப் பத்தி கூடுதலா சொல்லுவேன், மத்தது பக்கத்துல இருந்து பாத்தது.

முதல்ல ஒண்ணு, டூரிஸ்ட் வேலைன்னா எல்லாரும் கைடுன்னுதான் நினைக்கிறாங்க. கைடு ஒரு பங்குதான். டிக்கெட் கவுண்டர், பார்க்கிங், கேட்ல டிக்கெட் கிழிக்கிறது, களரி கதகளி ஷோவுக்கு ஆள் உக்கார வைக்கிறது, ஜிப்லைன்ல பெல்ட் மாட்டி விடுறது, ஜீப் ஓட்டுறது, புக்கிங் டெஸ்க், ஹோம்ஸ்டே ரூம் பாக்குறது, சமையல், ஜெனரேட்டர் மோட்டார் பாக்குற ஆள், கணக்கு எழுதுற ஆள், இத்தனையும் இந்த லைன்தான். கூச்ச சுபாவம் இருக்குறவங்க எனக்கு இது ஒத்து வராதுன்னு ஒதுங்குறாங்க, அது வேண்டாம், பேச்சே இல்லாத வேலையும் இங்க நிறைய இருக்கு, அதுல நல்ல ஆள் கிடைக்காமதான் முதலாளிங்க அலையுறாங்க.

ஆனா காட்டுக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போற கைடு வேலை, மூங்கில் ராஃப்டிங், இதெல்லாம் வனத்துறை வழியாத்தான். அதுல இருக்குறவங்க பெரும்பாலும் மன்னான், பளியர் சமூகத்து ஆளுங்க, அதோட ஒரு காலத்துல காட்டுல வயணப்பட்டை (லவங்கப்பட்டை மாதிரி ஒரு காட்டு மரப்பட்டை) வெட்டி வித்துட்டு இருந்தவங்க, அவங்களை 1990கள் கடைசில வனத்துறை கூப்பிட்டு உக்கார வச்சு பேசி, கமிட்டி அமைச்சு, காட்டைக் காக்குற ஆளாவும் கைடாவும் மாத்துனாங்க. இன்னைக்கு இந்தக் காட்டை, அதாவது பெரியார் புலிகள் காப்பகத்தைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதுறாங்கன்னா அதுக்கு முக்கிய காரணம் இவங்கதான். அதனால வெளியில இருந்து போய் எனக்கு அந்த வேலை குடுங்கன்னு கேக்குறது சரியில்லை, அது அவங்க காடு, அவங்களுக்கு உரிமையான வேலை. நமக்கு காட்டுக்கு வெளிய ஏகப்பட்ட இடம் இருக்கு.

மொழி விஷயம். குமுளில தமிழ் வச்சே பொழைக்கலாம், கடைக்காரர்ல பாதிப் பேர் தமிழ்தான் பேசுறாங்க. ஆனா உங்க மேல இருக்குற மேனேஜரும் போலீசும் பஞ்சாயத்து ஆளும் மலையாளத்துலதான் பேசுவாங்க, நோட்டீஸும் மலையாளத்துலதான் ஒட்டுவாங்க, அதனால கேட்டா புரியுற அளவுக்கு மலையாளமும், போர்டு படிக்கிற அளவுக்கு எழுத்தும் கத்துக்கோங்க, தமிழ்காரங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லை, காது குடுத்து கேட்டாலே பாதி வந்துரும். இங்கிலீஷ் சரளமா வேணும்னு இல்லை, தப்பில்லாம விலை, நேரம், தூரம், பாத்ரூம் எங்க, இதைச் சொல்லத் தெரிஞ்சா ஆரம்பிக்கலாம். இந்தி தெரிஞ்சா சம்பளமே கூடும், வடக்க இருந்து அவ்வளவு குடும்பம் வருது. மலையாளத்துக்காரங்களை சேட்டா, சேச்சின்னும் நம்ம ஊர் ஆளுங்களை அண்ணே, அக்கா, அம்மா, ஐயான்னும் கூப்பிடுங்க. வயசானவங்க வந்தா வாங்கம்மா உக்காருங்கன்னு ஒரு சேர் இழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்த லைன்ல நீங்க எந்த வேலை பாத்தாலும் சரி, பணம் வாங்குறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிருங்க. என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு நேரம், எவ்வளவு நடக்கணும், எவ்வளவு ரூபா, இவ்வளவுதான். ஒரு நாள்ல வர்ற சண்டைல முக்காவாசி இதைச் சொல்லாததுனாலதான் வருது.

உதாரணத்துக்கு தேக்கடி ஏரிப் படகு. விருதுநகர்ல இருந்து ஒரு குடும்பம் வந்து நிக்குது, சின்னப்பையன் கேக்குறான், புலி பாக்கலாமான்னு. புலிகள் காப்பகம்னு போர்டுல எழுதியிருக்கு, அவன் கேக்காம என்ன செய்வான். அங்க நிக்குற புரோக்கர் எல்லாம் பாக்கலாம் வாங்கன்னு சொல்லிருவாரு. நீங்க சொல்ல வேண்டியது இப்படி, தம்பி, படகுல இருந்து புலி பாக்குறது ரொம்ப ரொம்ப அபூர்வம், காட்டெருமை, மிளா, காட்டுப்பன்னி பாக்க வாய்ப்பு இருக்கு, யானை வந்தா அதிர்ஷ்டம், நீர்க்காகம் கண்டிப்பா பாக்கலாம். அப்புறம் எந்த மாசம்னு பாத்து சொல்லுங்க. மார்ச் ஏப்ரல்ல காட்டுக்குள்ள ஓடை எல்லாம் வத்திப் போயிரும், அதனால மிருகங்க தண்ணி குடிக்க ஏரிக்கரைக்கு வரும். மழை நேரத்துல உள்ளயே எங்க பாத்தாலும் தண்ணி, அப்ப அதுங்க எதுக்கு ஏரிக்கு வரப்போகுது. இந்தக் காரணத்தைச் சொன்னா போதும், யாரும் ஏமாந்துட்டோம்னு நினைக்க மாட்டாங்க, யானை வரலைன்னாலும் ஓ மழை பெஞ்சிருக்குல்லன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. வெள்ளன கிளம்புற படகுக்கும், வெயில் சாஞ்ச பிறகு போற படகுக்கும்தான் வாய்ப்பு அதிகம்னும் சொல்லுங்க, உச்சி வெயில் டிக்கெட் விக்கணும்ங்கிறதுக்காக மறைக்காதீங்க.

அந்த ஏரியைப் பத்தியே நிறைய பேருக்குத் தெரியாது, அது இயற்கையா உண்டான ஏரி இல்லை, முல்லைப்பெரியாறு அணை கட்டித் தேங்குன தண்ணி. 1895ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச அணை. தண்ணிக்குள்ள கறுப்பா நிக்குற மொட்டை மரமெல்லாம் அப்ப முங்குன காடுதான், இன்னும் நிக்குது. அந்தத் தண்ணி சுரங்கம் வழியா மலையைத் தாண்டி அடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப்புக்கு வந்து, நம்ம கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கெல்லாம் பாயுது. தேனி மாவட்டத்துல பிள்ளைக்கு பென்னிகுயிக்னு பேர் வைக்கிறதும், அவர் பிறந்த நாள் ஜனவரி 15ன்னு பொங்கல் வைக்கிறதும், லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்குறதும் சொன்னா வெளியூர்காரங்க அசந்து போயிருவாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, அணைப் பிரச்சனை பேச்சை கெஸ்ட் கிட்ட எடுக்கவே கூடாது, அவங்க எடுத்தாலும் நீங்க வாதம் பண்ணக் கூடாது. 2011 கடைசில இந்தப் பிரச்சனைல குமுளி பார்டர் எப்படி கிடந்துச்சுன்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கஷ்டப்பட்டது நம்மள மாதிரி கூலிக்காரங்கதான். வருஷம், தண்ணி எங்க போகுது, இதோட நிறுத்திக்கோங்க.

பாதுகாப்பு. இதைப் படிக்கிறப்ப கொஞ்சம் நிதானமா படிங்க. 2009 செப்டம்பர் 30 சாயங்காலம் தேக்கடி ஏரியில டூரிஸ்ட் படகு கவுந்து 45 பேர் இறந்து போனாங்க. கரைல மிருகம் தெரியுதுன்னு ஆளுங்க ஒரே பக்கமா போனது, லைஃப் ஜாக்கெட் போடாம இருந்தது, இதெல்லாம் அப்ப எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. இன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஜாக்கெட் மாட்டி, சீட்டுல உக்காருங்க உக்காருங்கன்னு கத்துறது அதுக்காகத்தான். நீங்க படகுல வேலை பாத்தாலும் சரி, பெடல் போட் இருக்குற சின்ன பார்க்ல வேலை பாத்தாலும் சரி, ஜாக்கெட்டை சும்மா தோள்ல மாட்டி விடாதீங்க, பக்கிள் மூணும் போட்டு, தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுத்துப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூஸ்னு அர்த்தம், இறுக்குங்க. குழந்தைக்கு பெரியவங்க ஜாக்கெட் மாட்டவே கூடாது, சின்ன சைஸ் இல்லைன்னா ஏத்தாதீங்க, மேனேஜர் ஏத்தச் சொன்னாலும் ஏத்தாதீங்க. செல்ஃபிக்கு கழட்டுவாங்க, அப்ப கோபப்படாம, அக்கா போட்டோ எடுத்தாச்சுல்ல மாட்டிக்கோங்கன்னு பக்கத்துலயே நின்னு மாட்ட வைங்க. எந்திரிக்கிறதைத் தடுக்கணும்னா மிருகம் தெரிஞ்ச பின்னாடி கத்திப் பிரயோஜனம் இல்லை, படகு கிளம்புறதுக்கு முன்னாடியே, யானை வந்தா யாரும் எந்திரிக்க வேண்டாம், படகு திரும்பும்போது உங்க பக்கமும் தெரியும்னு தமிழ், மலையாளம், இந்தி, இங்கிலீஷ் நாலுலயும் சொல்லிருங்க.

கூட்டமும் அப்படித்தான். 2011 ஜனவரி 14 மகரஜோதி அன்னைக்கு வண்டிப்பெரியாறு பக்கம் புல்மேட்டுல நெரிசல்ல 100 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல நம்ம தமிழ்நாட்டு ஐயப்பமார் நிறைய. கூட்டம்னா ஆள் எண்ணிக்கை மட்டும் இல்லை, போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இருக்கா, இருட்டா இருக்கா, வண்டி குறுக்க நிக்குதா, இதைப் பாக்கணும். கேட்ல நிக்குற ஆளோட முதல் வேலை வெளிய போற வழியை அடைக்காம வச்சிக்கிறதுதான், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் தெரிஞ்சவரா இருந்தாலும் அந்த வழியில நிறுத்த விடாதீங்க. க்யூல நிக்கிறவங்களுக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லிட்டே இருங்க, காத்திருக்குறது கஷ்டமில்லை, எவ்வளவு நேரம்னு தெரியாமக் காத்திருக்குறதுதான் ஆளைக் கிறுக்காக்கும்.

குழந்தை தொலைஞ்சா, ஒரு ஆள் வெளி கேட்டுக்கு ஓடணும், இன்னொரு ஆள் பெத்தவங்க கூட நிக்கணும், மூணாவது ஆள் தேடணும், எல்லாரும் ஒண்ணா சேர்ந்து தேடக் கூடாது. குழந்தை கிடைச்சா மைக்ல பேரையும் சட்டைக் கலரையும் சொல்லாதீங்க, ஒரு குழந்தை ஆபீஸ்ல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, வர்றவங்க பேரும் அடையாளமும் சொல்லட்டும், குழந்தை அவங்களைப் பாத்து எப்படி இருக்குன்னு கவனிச்சிட்டு, எழுதி வாங்கிட்டு குடுங்க. பொம்பளை ஸ்டாஃப் ஒருத்தர் கூடவே இருக்கணும்.

இனி எனக்குப் பிடிச்ச வேலைக்கு வர்றேன், மசாலா தோட்டம். இதுல ஆரம்பிக்கிறவங்க செடி பேரை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்க, கெஸ்ட் ரெண்டாவது செடிலயே போனைப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க. முதல்ல கேள்வி கேளுங்க. அம்மா, தினமும் டீல ஏலக்காய் போடுறீங்க, அது செடில எங்க காய்க்கும்னு நினைக்கிறீங்கன்னு கேளுங்க, எல்லாரும் மேல பாப்பாங்க, நீங்க குனிஞ்சு தூருக்கிட்ட தரையோட படந்து கிடக்குற சரத்தைக் காட்டுங்க, அந்த நேரம் அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே, அதுக்காகவே இந்த வேலை பாக்கலாம். மிளகுக்கொடில, பச்சை மிளகு, கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு மூணும் ஒரே கொடிதான், காயைப் பறிச்சு வெயில்ல காயவச்சா கறுப்பு, பழுத்ததை ஊறவச்சு தோலை உரிச்சா வெள்ளைன்னு கைல வச்சுக் காட்டுங்க. ஜாதிக்காய் பழத்தைப் பிளந்தா உள்ள சிவப்பா வலை மாதிரி சுத்தி இருக்குறது ஜாதிபத்திரி, அதுக்குள்ள கொட்டை, ரெண்டுக்கும் சந்தைல வேற வேற விலை. வெனிலாப் பூ ஒரு நாள்தான் விரியும், அதோட மகரந்தத்தைச் சேத்து வைக்கிற பூச்சி நம்ம நாட்டுல இல்லை, அதனால ஒவ்வொரு பூவையும் வேலைக்காரங்க கையாலதான் குச்சி வச்சு சேக்கணும், அதான் அந்த விலைன்னு சொல்லுங்க. சர்வசுகந்தி, அதான் ஆல்ஸ்பைஸ், அதோட இலையைக் கசக்கி மோந்து பாக்கக் குடுத்து, என்ன வாசம்னு கேட்டா ஒருத்தர் கிராம்பும்பாங்க, ஒருத்தர் பட்டைம்பாங்க, அந்த வாக்குவாதத்தை ஓட விடுங்க, நீங்க சும்மா நின்னாப் போதும்.

ஒரே கதையை நாளெல்லாம் சொல்லணும், அலுப்பு வரத்தான் செய்யும். உங்களுக்குத்தான் அது பழைய கதை, எதிர்ல நிக்குறவங்க அந்தச் செடியை வாழ்க்கைல முதல் தடவை பாக்குறாங்க. நான் சொல்லிக் குடுக்குற வழி என்னன்னா, எந்த ஊர்னு கேட்டுட்டு அங்க இருந்து ஆரம்பிக்கிறது. நாகர்கோவில்னா கிராம்பு அவங்க மலையிலயே விளையுது, அவங்களையே பேச விடலாம். ஈரோடுன்னா மஞ்சள், போடின்னா ஏலக்காய் ஏலம், கேரளா பக்கம் புத்தடில நடக்குற ஏலத்தையும் சேத்துச் சொல்லலாம். அப்படி ஆரம்பிச்சா ஒவ்வொரு பார்ட்டிக்கும் பேச்சு வேற மாதிரி போகும், உங்களுக்கும் அலுக்காது. வெயில் உங்க மூஞ்சில படுற மாதிரி நில்லுங்க, கெஸ்ட் கண்ணுல படக் கூடாது. ரொம்ப மெதுவா நடக்குறவங்க வந்து சேர்ற வரைக்கும் பேச ஆரம்பிக்காதீங்க, முட்டி வலியோட வர்ற பாட்டி வந்து சேரும்போது நீங்க அடுத்த செடிக்குக் கிளம்புனா அவங்க குடுத்த டிக்கெட் காசுக்கு என்ன அர்த்தம்.

மருந்துப் பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த எண்ணெய் தடவுனா மூட்டு வலி போயிரும், இந்தப் பொடி சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திரலாம்னு சொல்லி விக்கிற ஆளுங்க இருக்காங்க, அதை நம்பி ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திட்டா அந்தப் பாவம் யாருக்கு. சமையலுக்கு எப்படிப் போடணும், எப்படிக் கெடாம வைக்கணும், நல்ல ஏலக்காய் எப்படிப் பாத்து வாங்கணும், இதைச் சொல்லுங்க, அதுக்கே நல்லா விக்கும். கமிஷனும் இதோட சேந்ததுதான், வண்டிக்காரர் ஆள் கொண்டு வந்து விட்டா கடை அவருக்குக் குடுக்கும், அது கடைசில கெஸ்ட் வாங்குற பாக்கெட் விலைலதான் ஏறும். வண்டிக்காரருக்கும் ஆஃப் சீசன்ல அதுதான் சோறு, அதை நான் குறை சொல்லலை, ஆனா கமிஷனுக்காக கெஸ்ட் போகணும்னு கேட்ட இடம் மூடிருச்சுன்னு பொய் சொல்றதை நீங்க செய்யாதீங்க.

கவுண்டர்ல உக்காரப் போறவங்களுக்கு சின்னதா. கெஸ்ட் குடுத்த 500 ரூபா நோட்டை மீதி சில்லறை குடுத்து முடிக்கிற வரைக்கும் டிராயர்க்குள்ள போடாதீங்க, மேலயே வைங்க, நான் குடுத்தது 500 இல்லையான்னு பேச்சே வராது. உங்க சொந்தக் காசை டிராயர் பக்கமே கொண்டு போகாதீங்க. ஜிபேல போட்டுட்டேன்னு போனைக் காட்டுனா உங்க ஸ்பீக்கர்ல சத்தம் வந்துச்சா, உங்க போன்ல வந்துச்சான்னு பாருங்க, மலைல நெட்வொர்க் போய்ப் போய் வரும், அதனால ஸ்கேனர் பக்கத்துலயே காசாவும் தரலாம்னு எழுதி ஒட்டுங்க.

சண்டை போட வர்ற கெஸ்ட்டைக் கூட்டத்துக்கு நடுவுல வச்சுப் பேசாதீங்க, வாங்கண்ணே இப்படி உக்காந்து பேசலாம்னு தள்ளிக் கூட்டிட்டுப் போங்க, தண்ணி குடுங்க, அவர் முழுசா சொல்லி முடிக்கட்டும், நடுவுல ரூல்ஸ் பேசாதீங்க. அப்புறம் நம்மளால என்ன முடியும்னு மட்டும் சொல்லுங்க, முடியாததுக்கு பாக்குறேன்னு சொல்லி அலைய விடாதீங்க. குரங்கு பையைப் பிடுங்கிட்டுப் போனதுக்கெல்லாம் நம்மளத்தான் திட்டுவாங்க, திட்டட்டும், உள்ள போகும்போதே தின்பண்டத்தை வெளிய எடுக்காதீங்கன்னு நாமதான் சொல்லியிருக்கணும்.

சம்பளம் பேசும்போது வெக்கப்படாதீங்க. மாசச் சம்பளம் எந்தத் தேதி, பேட்டா தனியா, சாப்பாடு ரூம் உண்டா, வார லீவு எந்த நாள், சனி ஞாயிறு பண்டிகைல லீவு கிடையாதுன்னு முன்னாடியே தெரிஞ்சுதான் வரணும், டிப்ஸ் பொதுவுல பங்கா இல்லை வாங்குறவங்களுக்கான்னு எல்லாம் கேளுங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம், உங்க சம்பளம் மாசம் 21,000க்குள்ளன்னா ஈஎஸ்ஐ (தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கணும், இருக்கான்னு கேளுங்க, மலைப்பாதைல ஓடுற வேலைக்கு அது பெரிய துணை. பொண்ணுங்க கேக்க வேண்டியது இன்னும் ரெண்டு, ஷிப்ட் முடிஞ்சு கம்பம் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா இல்லைன்னா யார் கொண்டு வந்து விடுவாங்க, அப்புறம் 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்குற இடத்துல பாலியல் தொல்லை புகாருக்கு கமிட்டி இருக்கணும், இருக்கா, யார் அதுலன்னு. கேட்டா மூஞ்சி மாறுதுன்னா அந்த இடமே வேண்டாம், வேற இடம் பாத்துக்கலாம்.

எப்ப வேலை தேடுறது? ஜூன் ஜூலை மழைல வந்து கேட்டா இருக்குறவங்களுக்கே வேலை இருக்காது. ஓணம் முடிஞ்சு பூஜா லீவுக்கு முன்னாடி, செப்டம்பர் வாக்குல வாங்க, அப்பத்தான் சீசனுக்கு ஆள் எடுப்பாங்க, சபரிமலை சீசன், கிறிஸ்துமஸ் லீவு எல்லாம் அடுத்தடுத்து வந்துரும். சித்ரா பௌர்ணமிக்கு கண்ணகி கோயில் திறக்குற அன்னைக்கு ஜீப்புங்களை செக் பண்ணி பாஸ் குடுத்து விடுவாங்க, டிரைவர் வேலை தேடுறவங்க அன்னைக்கு ஒரு நாள் குமுளி ஸ்டாண்டுல நின்னு பாருங்க, மலை ஏத்துறது எப்படின்னு ஒரே நாள்ல புரியும். படிச்சிட்டு வரணும்னா திருவனந்தபுரத்துல கிட்ஸ் (KITTS)னு கேரள அரசோட டூரிசம் படிப்பு நிறுவனம் இருக்கு, டூரிசம் கோர்ஸ் எல்லாம் நடத்துறாங்க. ஹோட்டல் சமையல் பக்கம் போறவங்களுக்கு தொடுபுழால ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிட்யூட். மத்திய சுற்றுலாத்துறை ஆன்லைன்லயே டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்னு ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் வச்சிருக்கு, வீட்ல இருந்தே போன்ல படிக்கலாம். ஆனா சர்டிபிகேட் இல்லாமலும் சேரலாம், தோட்டத்துலயும் ஷோ ஹால்லயும் ஒரு வாரம் டிரையல் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க.

டிரையலுக்கு வரும்போது ஆதார், போட்டோ, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், டிரைவர்னா லைசென்ஸும், கொஞ்ச இடத்துல போலீஸ் கிளியரன்ஸ் கேப்பாங்க அதுவும் முன்னாடியே அப்ளை பண்ணி வச்சிருங்க. குடை, ஸ்வெட்டர், செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ, மழை நேரம்னா அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம். கம்பத்துல முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துருங்க, லோயர் கேம்ப் மலைப்பாதைல லாரி மாட்டுனா எல்லாமே லேட்டாயிரும், முதல் நாளே லேட்டா வர்ற ஆளை இங்க யாரும் எடுக்க மாட்டாங்க.